விடை 27 சரி, கேள்விதான் தப்பு

மதிப்பிற்குரிய வினாத்தாள் குழுவினருக்கும், விடைக்குறிப்பு எழுதும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். போன பருவத் தேர்வில் நீங்கள் கேட்ட கனசதுரக் கேள்வி நினைவிருக்கும். சின்னச் சின்ன ஓரலகுக் கனசதுரங்களை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் மூன்று மூன்றாக அடுக்கி ஒரு படம், அதற்குக் கன அளவு காண வேண்டும். சூத்திரத்துக்கு ஒரு மதிப்பெண், விடைக்கு ஒரு மதிப்பெண்.

என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சூத்திரத்தைத் தொடவே இல்லை. இருவருமே 9 + 9 + 9 = 27 என்று எழுதியிருந்தார்கள். இருவருக்கும் விடைக்கான ஒரு மதிப்பெண் மட்டும் விழுந்தது. ஒரே வரி என்பதால், பார்த்து எழுதிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டுத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

அந்தப் பெண் சொன்னாள்: "அடியில ஒன்பது டீச்சர். அதுமேல ஒன்பது. அதுக்கும் மேல ஒன்பது."

பையன் சொன்னான்: "மேல ஒன்பது கட்டம் தெரியுது. முன்னாடி ஒன்பது. இந்தச் சைடுல ஒன்பது."

அவள் அடுக்குகளை எண்ணியிருக்கிறாள். கன அளவு என்பதே அதுதான். அவன் தாளில் தெரிந்த கட்டங்களை எண்ணியிருக்கிறான். அது மூன்று முகங்களின் பரப்பு. புரிந்தவளுக்கும் புரியாதவனுக்கும் ஒரே வரி, ஒரே விடை, ஒரே மதிப்பெண். திருத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன், தாளைப் பார்த்து யாராலும் பிரித்திருக்க முடியாது.

பக்க அளவு 2 என்று கொடுத்திருந்தால் பையனுக்கு 12 வந்திருக்கும், சரியான விடை 8. 4 என்று கொடுத்திருந்தால் அவன் 48 என்பான், சரியான விடை 64. தப்பாக எண்ணினாலும் சரியான விடை வருகிற ஒரே பக்க அளவு 3. எத்தனையோ எண்கள் இருக்க அதைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள்! பெரிய வகுப்புக்கு உங்களுக்குப் பிடித்த 6 செ.மீ. கனசதுரமும் இதே ரகம்தான். மொத்தப் புறப்பரப்பு 216, கன அளவும் 216. எதைக் கண்டுபிடித்தான் என்று அலகைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அலகைத்தான் பாதிப் பேர் எழுதுவதில்லையே.

ஆனால் நான் மடல் எழுத உட்கார்ந்தது எண்ணைப் பற்றிச் சண்டை போட அல்ல. எங்களுக்குக் கட்டைகள் வேண்டும்.

அந்தப் பையன் மக்கு இல்லை. நீங்கள் அச்சிட்ட படத்தில் 27 கனசதுரங்களில் 19தான் கண்ணுக்குத் தெரிகின்றன. எட்டு உள்ளே மறைந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத எட்டை நம்ப வேண்டுமானால், ஒரு தடவையாவது கையால் அடுக்கிக் கலைத்துப் பார்த்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தட்டையான தாளில் அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

உபகரணப் பெட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கனசதுரம் ஒன்று, கூம்பு ஒன்று, உருளை ஒன்று. தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒற்றைக் கனசதுரத்தைக் காட்டி முகம், விளிம்பு, உச்சி சொல்லித்தரலாம். எத்தனை கொள்ளும் என்று சொல்லித்தர, ஒரே அளவில் நிறையக் கட்டைகள் வேண்டும்.

முதலில் களிமண்ணில் செய்து பார்த்தேன். காயக் காய ஒவ்வொன்றும் ஒரு அளவுக்குச் சுருங்கி வெடித்தது. அப்புறம் சர்க்கரைக் கட்டி வாங்கினேன். காலையில் எண்ணி வைத்த 27, சாப்பாட்டு மணிக்குள் 22 ஆகிவிட்டது. எறும்பு மட்டும் காரணமில்லை. கடைசியில் ஆசாரியிடம் போய், ஒரு அங்குல ரீப்பரை 64 துண்டாக அறுத்துத் தரச் சொன்னேன். 64 அங்குலம் இருந்தால் போதுமே என்று கணக்கோடுதான் போனேன். அவர் சிரித்தார். "ரம்பம் தின்னுற மரத்த யாரு டீச்சர் கணக்குல சேக்குறது?" பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கு. மரத்துக்கும் கூலிக்கும் என் காசுதான், அது போகட்டும்.

கட்டைகள் வந்த அன்று அதே பையனிடம், பக்கத்துக்கு நான்கு வைத்தால் எத்தனை வேண்டும் என்று கேட்டேன். 48 என்றான். எண்ணிக் கொடுத்தேன். மூன்று அடுக்கு முடிந்ததும் கையில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "உள்ள இருக்குறத நான் எண்ணவே இல்ல டீச்சர்" என்றான். என் 22 வருட வேலையில் இந்தப் பாடத்தை இவ்வளவு சீக்கிரம் நான் நடத்தியதில்லை.

முப்பரிமாண வடிவங்கள் பற்றி எங்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் நடந்தது. அழகான கனசதுரம் ஒன்று வண்ணமயமாகத் திரையில் சுழன்றது. நாங்கள் அதைப் புகைப்படம் எடுத்து, வந்து கலந்துகொண்டதற்கு ஆதாரமாகப் பதிவேற்றினோம். முப்பரிமாணத்தை இதைவிடத் தட்டையாக யாராலும் நடத்த முடியாது. உங்கள் கேள்விகளில் வரும் 'கனச்செவ்வக வடிவப் பெட்டி'யையும் எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. மணல் லோடு பார்த்திருக்கிறார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. அடுக்குக் கணக்குச் சொன்ன அந்தப் பெண்ணின் அப்பா கொத்தனார். பத்தடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி உயரம் என்று வண்டியை அளந்து, யூனிட் சரியா என்று பார்ப்பவர். அதைக் கேட்டுப் பாருங்களேன், எத்தனை கை உயருகிறது என்று.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நான்கு பிள்ளைகளுக்கு 64 வீதம் ஒரே அளவுக் கட்டைகள் தரப் பரிந்துரை செய்யுங்கள். மரமோ பிளாஸ்டிக்கோ, தொலைந்தால் கணக்குக் கேட்காத கட்டைகளாக இருக்கட்டும். அடுத்த தாளில் பக்க அளவு 3ஐயும் 6ஐயும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 'ஓர் அடுக்கில் எத்தனை, எத்தனை அடுக்கு' என்று எழுதுகிற பிள்ளைக்கும் சூத்திரத்துக்குரிய மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.

கட்டைகள் வந்துசேரும்வரை என்னுடைய 64 ஓடும். இப்போது 61.

இப்படிக்கு,
பணிவுடன்,
நடுநிலைப் பள்ளிக் கணக்கு டீச்சர் ஒருத்தி