குன்னூர் நண்பனுக்கு, கிட்டார் தந்திகளைப் பற்றி

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்றபின் சென்னையை விட்டுக் குன்னூருக்கே திரும்பிவிட்டாய் என்பதையும், பெட்டியோடு பரணில் கிடந்த எலெக்ட்ரிக் கிட்டாரை இறக்கித் துடைத்து, தேவாலயப் பாடகர் குழுவோடு கிறிஸ்துமஸுக்கு வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறாய் என்பதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் ஆம்பை, அதாவது கிட்டாரின் ஒலிபெருக்கியை, இயக்க எனக்கு வீட்டில் அனுமதி கிடையாது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பு. அதனாலேயோ என்னவோ, தந்தியின் ஒவ்வொரு உரசலும் முன்னைவிடத் துல்லியமாகக் கேட்கிறது.

எந்தக் கம்பெனித் தந்தி நல்ல நாதம் தரும் என்று கேட்டிருக்கிறாய். நாதம் கம்பெனிப் பெயரைவிடத் தந்தியின் வயதைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். நேற்று மாட்டிய மலிவான தந்தி, துருவேறிய விலையுயர்ந்த தந்தியைவிட நன்றாகவே ஒலிக்கும். ஆகையால் உன் கேள்வியைச் சற்றுத் திருப்பிப்போட்டு, நீ போகிற போக்கில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்த உன் விரல் மூட்டுகளின் விறைப்பிலிருந்து தொடங்குகிறேன்.

மெல்லிசைக் குழுவில் வாசித்த காலத்தில் நீ பத்து செட்தான் போட்டாய், அதாவது ஒன்றாம் தந்தி 0.010 அங்குலமும் ஆறாம் தந்தி 0.046 அங்குலமும் தடிமன் உள்ள செட். இப்போதும் அதையே வாங்க நினைக்கிறாய். உன்னுடையது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் வகைக் கிட்டார் என்பதால், கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் படியும் நட்டிலிருந்து உடலின் மேல் அவை படியும் பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 25.5 அங்குலம் இருக்கும். அந்த நீளத்தில் பத்து செட்டின் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 46 கிலோ விசையோடு கழுத்தை இழுக்கின்றன, 0.009 முதல் 0.042 வரையிலான ஒன்பது செட்டில் இது 38 கிலோவாகக் குறைகிறது. ஒன்றாம் தந்தியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏழேகால் கிலோ இழுவிசை ஆறு கிலோவாகிறது. தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லாததுபோல் தோன்றினாலும், குளிர்ந்த காலை வேளையில் மூன்றாம் தந்தியை ஒரு முழு சுரம் மேலே வளைக்கும்போது, அந்த வித்தியாசம் உன் மோதிர விரலுக்கு உடனே தெரிந்துவிடும்.

மெல்லிய தந்தி போட்டால் ஒலியும் மெலிந்துவிடும் என்று நம் காலத்தில் எல்லோரும் சொன்னார்கள், நாமும் நம்பினோம். கனமான தந்தியை ஓங்கி மீட்டலாம், அது தளர்ந்து அதிராது, தடித்த கீழ்த் தந்திகளில் ஒலி சற்றுத் திரண்டு வரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் ஆம்பும் ஒலியைப் பெருக்கித் தருகிற ஒரு வாத்தியத்தில், அந்த அளவு வித்தியாசத்தை ஆம்பின் குமிழைச் சற்றுத் திருப்பியே ஈடுகட்டிவிடலாம். பிளாக் சபாத் என்ற ஆங்கில ராக் குழுவின் கிட்டார்க் கலைஞர் டோனி அயோமியை நினைத்துப்பார். பதினேழு வயதில் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் அவர். இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். மெல்லிய தந்திகளை மாட்டி, பிறகு சுருதியையும் இறக்கி வாசித்தார். அவருடைய ஒலி மெலிந்தது என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறாயா? ஒலி நன்றாக இருக்க வேண்டுமானால் கை வலிக்கத்தான் வேண்டும் என்ற பேச்சில் எனக்கு எப்போதுமே நம்பிக்கை இருந்ததில்லை.

இன்னொன்றையும் கவனி. என் கிட்டாரில் இன்றும் பத்து செட்தான் இருக்கிறது. அதைப் பார்த்து நீ ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். என்னுடையது கிப்சன் கம்பெனிக் கிட்டார்களின் அளவில், 24.75 அங்குலத் தந்தி நீளத்தில் செய்யப்பட்டது. ஒரே சுருதிக்கு இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், இந்த முக்கால் அங்குலக் குறைவே இழுவிசையில் சுமார் 6 சதவீதத்தைக் குறைத்துவிடுகிறது. என் பத்து உன் பத்தைவிட இளகியது என்று வைத்துக்கொள். பத்தின் திரட்சி உனக்கு வேண்டியே தீரும் என்றால் வேறு வழியும் உண்டு: பத்து செட்டையே மாட்டி, எல்லாத் தந்திகளையும் அரைச் சுரம் இறக்கிவிடு. இழுவிசை 11 சதவீதம் குறைந்து 41 கிலோ அளவுக்கு வந்துவிடும். கீபோர்டுக்காரரோடு ஒத்துப்போக வேண்டிய பாட்டுக்கு மட்டும் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவதில்) தந்திகளை அழுத்திப் பிடிக்கும் காப்போ கவ்வியை மாட்டிக்கொள்ளலாம். ஆனாலும் என் வாக்கு ஒன்பதுக்குத்தான்.

ஒன்பதுக்கு மாறினால் கிட்டாரையும் சற்றுச் சரிசெய்ய வேண்டியிருக்கும். உன்னுடைய மிதக்கும் பிரிட்ஜை முன்பக்கம் தந்திகளும் பின்பக்கம் ஸ்பிரிங்குகளும் இழுத்துச் சமநிலையில் நிறுத்துகின்றன; தந்தியின் பக்கம் எட்டு கிலோ குறைந்தால் ஸ்பிரிங் வென்று பிரிட்ஜ் உள்ளே அமிழும், தந்திகள் தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசி இரையும். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் சரியாகிவிடும். கழுத்து மிகவும் நிமிர்ந்துவிட்டால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதே. தந்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டு. ஆறையும் ஒருசேரக் கழற்றினால் பிரிட்ஜ் நிலைகுலைந்து, சுருதி சேர்ப்பதற்குள் பொழுது போய்விடும். நட்டின் பள்ளங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பத்துக்கு வெட்டிய பள்ளத்தில் ஒன்பது தாராளமாக உட்காரும்.

உலோகத்துக்கு வருகிறேன். வீட்டிலிருக்கும் அகூஸ்டிக் கிட்டாரின் வெண்கலத் தந்தி செட் ஒன்று பிரிக்காமல் கிடக்கிறதே, அதை மாட்டினால் என்ன என்று கேட்டிருந்தாய். மாட்டலாம், உடைந்துவிடாது, ஆனால் பிக்கப் என்பது காந்தம், அதற்குச் செம்புக் கலப்பு உலோகம் எதுவும் கண்ணில் படாது. தடித்த தந்திகளைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுற்றுக்குள் உள்ள எஃகு நடுக்கம்பி மட்டுமே அதற்குப் புலப்படும் என்பதால், சுற்றுத் தந்திகள் சோர்ந்தும் சுற்றில்லாத மெல்லிய மேல் தந்திகள் வீறிட்டும் ஒலிக்கும். அந்த செட்டை அகூஸ்டிக்குக்கே விட்டுவிடு.

கடையில் உனக்குக் காட்டுவது பெரும்பாலும் எஃகுக் கம்பியின் மேல் நிக்கல் முலாம் பூசிய சுற்றுள்ள செட்டாக இருக்கும். தூய நிக்கல் சுற்று கொஞ்சம் மென்மையாக, பழைய ஒலிப்பதிவுகளின் சாயலில் ஒலிக்கும். துருப்பிடிக்காத எஃகுச் சுற்று கூர்மையாகப் பளிச்சிடும், விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், ஃப்ரெட்டையும் விரைவாகத் தேய்க்கும். இவை உண்மையான வேறுபாடுகள், காதுக்குத் தெரிகிறவை. ஆனால் பாக்கெட்டின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்த உலோகம் நான்காம், ஐந்தாம், ஆறாம் தந்திகளின் சுற்றுக்கு மட்டுமே உரியது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்றாம் தந்திகளுக்குச் சுற்றே கிடையாது. எந்த செட்டை வாங்கினாலும் அவை பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய சாதாரண எஃகுக் கம்பிகள்தான். (1960களுக்கு முன்பு மூன்றாம் தந்தியும் சுற்றுத் தந்தியாகவே வந்தது, மாணவர்களின் விரல்கள் படும் பாட்டைப் பார்த்த அமெரிக்கக் கிட்டார்க் கடைக்காரர் எர்னி பால் 1962-இல் மெல்லிய செட்டுகளைக் கொண்டுவந்த பிறகே வழக்கம் மாறத் தொடங்கியது.) நம் பாட்டுகளில் தனி வாசிப்பெல்லாம் விழுவது அந்த மூன்று தந்திகளில், நம் மலைகளில் முதலில் துருப்பிடிப்பதும் அவையே. ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல்லை நம்பி வாங்கிக் குன்னூர் மூடுபனியில் வைத்தால், கீழ்த் தந்திகள் மின்னிக்கொண்டிருக்க, மேல் மூன்றும் கரும்புள்ளி விழுந்து கையை அராவும்.

ஆகவே நீ கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, சுற்றில்லாத மூன்று தந்திகளுக்கும் துருத் தடுப்பு உண்டா என்பதே. எலிக்சர் கம்பெனியின் செட்டுகளில் சுற்றுத் தந்திகளின் மேல் மெல்லிய பாலிமர்ப் படலம் போர்த்தியிருப்பதோடு, சுற்றில்லாத தந்திகளுக்கும் துருத் தடுப்பு முலாம் இடுகிறார்கள். டாடாரியோ கம்பெனியின் எக்ஸ்எஸ் வகையிலும் அப்படிப் பூசப்பட்ட செட் உண்டு. விலை சாதாரண செட்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும், தொட்டால் சற்று வழுக்கும், முதல் நாளின் பளீரென்ற ஒலி கொஞ்சம் தணிந்திருக்கும். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவனாக இருந்தால், இந்தப் பணத்தில் சாதாரண செட் இரண்டு வாங்கி அடிக்கடி மாற்றிக்கொள் என்பேன். ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை ஜன்னல் வழியே மேகம் வீட்டுக்குள் வந்து உட்காருகிற ஊர்களில் இருந்துகொண்டு, உள்ளங்கை எளிதில் வியர்க்கும் உன்னைப் போன்றவன் வாங்க வேண்டியது இந்தப் பூச்சுத் தந்தியைத்தான். வியர்வையின் உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் சாதாரண எஃகு ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை என்பதை இந்த வீட்டில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பூச்சு இருந்தாலும் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளின் மேலும் கீழும் துடைத்துவிடு. உன் வீட்டின் வெளிச்சுவரில் கிட்டாரை மாட்டிவைக்காதே, குளிர்ந்த சுவரருகே ஈரம் படியும். சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடு. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்ற உன் கேள்விக்கு ஒரே பதில், வேண்டாம். அது உறைந்து கட்டியாகிற குளிர் உங்கள் ஊரிலும் உண்டு. சுற்றுகளின் இடுக்கில் அழுக்கைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பணமில்லாத அந்த நாட்களில் கீழ்த் தந்திகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து மறுபடி மாட்டினோமே, அந்த வேலையும் இனி எதற்கு? அழுக்கு கரைந்து ஓரிரு நாள் ஒலி தெளியுமே தவிர, ஃப்ரெட் அழுத்திய பள்ளங்கள் போகா.

தந்தியை மாற்ற வேண்டிய நேரத்தை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதே. தந்தியின் அடிப்பக்கத்தில் விரல்நகத்தை ஓட்டிப்பார். ஃப்ரெட்டுகளுக்கு நேராகப் பள்ளம் தட்டுப்படும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரே தந்தியை இலேசாகத் தொட்டு எழுப்புகிற ஒலியும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கிற சுரமும் முன்பு ஒத்திருந்து இப்போது விலகினால், தந்தியின் கனம் சீர்கெட்டுவிட்டது என்று பொருள். பூச்சுத் தந்தியில், மீட்டப் பயன்படும் பிக் படுகிற இடத்தில் வெள்ளை நூல்போல் பிசிறு கிளம்பும். அது அழகுக் கேடுதான், அதற்காக உடனே மாற்ற வேண்டியதில்லை. ஒரே தந்தி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் தந்தியைத் திட்டாமல் பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடிலில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிடு.

நம்ப முடியாத அளவு மலிவாகக் கிடைக்கும் செட்டுகளை வாங்காதே. பெயர்பெற்ற கம்பெனிகளின் உறையிலேயே போலிகள் உலவுகின்றன.

ஒன்பது செட் பூச்சுத் தந்தி ஒன்றை வத்தலகுண்டிலிருந்து கூரியரில் போடச் சொல்லியிருக்கிறேன். அதைப் பிரிப்பதற்கு முன் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை ஓர் அங்குல நாடாவால் அளந்து, பன்னிரண்டே முக்கால் வருகிறதா என்று பார்த்து எனக்கு எழுது. வந்தால் நான் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். குறைந்து வந்தால், செட்டைப் பிரிக்காமல் எனக்கே திருப்பி அனுப்பிவிடு, உனக்குப் பத்தே போதும். மாட்டிய பிறகு முதல் இரண்டு நாள் சுருதி இறங்கிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு தந்தியையும் மெல்ல இழுத்துவிட்டுச் சேர்த்துக்கொள். பாடகர் குழுவின் ஒத்திகைக்கு முந்தின இரவு மட்டும் மாற்றிவிடாதே.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
பாஸ்கரன்