சுவரில் வீணை மாட்டுவதற்கு முன்: சபா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் மற்ற ஊர்களிலும் கச்சேரி நடக்கும் சபா அரங்கைப் புதுப்பிக்க நினைத்திருக்கும் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன மார்கழியில் அம்மாவை ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கு 78 வயது, இரண்டு காதிலும் கருவி. அது புதிதாக அலங்கரித்த சிறிய அரங்கு. வாசலில் ஆளுயரப் பித்தளை வீணை. சுவர் நெடுக கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளின் படங்கள். பளபளக்கும் தரை. கூரையில் ச ரி க ம எழுத்துகளே விளக்காக எரிந்தன. பணம் போட்டவர்களின் ஆசை ஒவ்வொரு மூலையிலும் தெரிந்தது.

தொடக்க உருப்படியான வர்ணம் முடிவதற்குள் அம்மா என் பக்கம் சாய்ந்து, "சாகித்யத்துல ஒரு வார்த்தைகூடப் புரியலையேப்பா, இரைச்சல்தான் வருது" என்றார். ராகம் தானம் வருவதற்குள் இரண்டு கருவிகளையும் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டு, பாடகரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் காது நன்றாகவே கேட்கும். எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாடகர் வரியை மெருகேற்றிப் பாடிய ஒரு சங்கதி அடங்குவதற்குள் வயலினின் பதில் அதன் மேல் வந்து விழுந்தது. மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பி எழுப்பிய முழக்கம் அறையை விட்டுப் போகவே இல்லை. நன்றாகப் பாடக்கூடியவர், நல்ல பக்கவாத்தியம். அந்த அறைதான் அவர்களைப் பாடவிடவில்லை.

அந்தச் சபாவைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அதே தவறை இன்னும் பல இடங்களில் செய்யப் போகிறோமே என்ற கவலையில் எழுதுகிறேன். உள்ளலங்காரம் என்றதும் நாம் கண்ணை மட்டுமே நினைக்கிறோம். இசைக்காக ஒரு கூடம் என்றால் தரை, சுவர், கூரை, நாற்காலி எல்லாவற்றையும் முதலில் காது தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கப்புறம் வீணையை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை, கணக்குதான். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அந்தப் பிரச்சினையை ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் இரவல் வாங்கிவந்து கூடத்தில் பரப்பி, ஓர் ஒலி எத்தனை நொடியில் அடங்குகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். வெறும் கூடத்தில் ஒலி அடங்க ஐந்தரை நொடி ஆனது. அந்த மெத்தைகளிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. அறையின் கொள்ளளவு கூடினால் ஒலி நீண்டு நிற்கும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் சீக்கிரம் அடங்கும். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கு இந்தக் கணக்கை வைத்தே கட்டப்பட்டது.

நம் அரங்குக்கு அதைப் போட்டுப் பாருங்கள். 50 அடி நீளம், 33 அடி அகலம், 16 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, கெட்டியான கூரை, பிளாஸ்டிக் நாற்காலி. ஆளில்லாத அறையில் கைதட்டினால் அந்த ஒலி முழுதாக அடங்க ஏறக்குறைய ஏழு நொடி ஆகும். 150 பேர் உட்கார்ந்தால் அதே அறை ஒன்றரை நொடிக்கு வந்துவிடும். மனித உடம்பும் உடுத்திய துணியும் அவ்வளவு ஒலியை உறிஞ்சுகின்றன. ஆனால் வேலை நாள் மதியக் கச்சேரிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது பேர் வந்தால் மூன்றரை நொடி. பேச்சுக்கு ஒரு நொடி போதும், பெரிய மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு இரண்டு நொடி தேவை என்பார்கள். வேகமாக உருளும் பிருகாவும் சாகித்யமும் ஒருசேரப் புரிய வேண்டிய நம் பாட்டுக்கு ஒன்றேகால் நொடியை ஒட்டி இருந்தால் நல்லது என்பது என் அனுபவம். மூன்றரை நொடியில் கல்யாணி ராகம் தெரியும், ஸ்வரங்களின் அசைவான கமகம் தெரியாது.

மதிய வேளையில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். கூட்டம் குறைவு என்ற வருத்தத்தோடு, காலி அறையின் முழக்கத்தையும் அவர்கள் சுமக்கிறார்கள். ஓர் ஆள் உறிஞ்சும் அளவு ஒலியைத் தானே உறிஞ்சுகிற, முதுகுக்கும் அடிக்கும் துணி போர்த்திய மெத்தை நாற்காலி போட்டால், நாற்பது பேர் வந்தாலும் நானூறு பேர் வந்தாலும் அரங்கு ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். ரெக்சின் வேண்டாம், துணியே வேண்டும். புதுப்பிப்பில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அது நாற்காலியாக இருக்கட்டும்.

எதிரொலியைக் கொல்ல வேண்டும் என்று சுவரெல்லாம் கார்ப்பெட் ஒட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மெல்லிய கார்ப்பெட் உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கும். தம்புராவின் ஜீவன் அந்த நுண்ணிய மேலொலிகளில்தான் இருக்கிறது. அது முதலில் போய்விடும். தொப்பியின் கனத்த ஒலியைக் கார்ப்பெட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மெல்லிய பிளைவுட்டைச் சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளிச் சட்டத்தில் அடித்து, பின்னால் காற்று நிற்க இடம் விட வேண்டும். பலகை தானே லேசாக அதிர்ந்து அந்த ஒலியை வாங்கிக்கொள்ளும். மேடைக்குப் பின்சுவர் மட்டும் கெட்டியான மரமாக இருக்கட்டும். பாடகரின் குரலை ரசிகர்களிடம் திருப்பி அனுப்புவதும், பக்கவாத்தியக்காரருக்கு அதைக் கேட்கச் செய்வதும் அந்தச் சுவர்தான். அங்கே ஸ்பான்சர்களின் ஃபிளெக்ஸைத் தொங்கவிடுகிறோம். அவர்கள் இல்லாமல் சபா நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பெயரை வரவேற்புக் கூடத்தில் பித்தளைத் தகட்டில் பொறித்து வைப்போம். ஃபிளெக்ஸைவிட அது மதிப்பாகவும் இருக்கும்.

இசை சார்ந்த அலங்காரம் வேண்டுமென்றால் நம் கைவினையிலேயே அதற்குப் பொருள் இருக்கிறது. பக்கச் சுவர்களில் கண்ணாடிக் கம்பளியை (கிளாஸ் வூல்) வைத்து, அதன்மேல் சற்று இடைவெளியுள்ள நெசவில் கோரைப் பாயைச் சட்டமிட்டுப் போர்த்தலாம். பத்தமடைப் பாய் நெய்கிறவர்களிடம் சொன்னால் வேண்டிய நிறத்தில் கிடைக்கும். தீத்தடுப்புப் பூச்சு அவசியம். மேடையில் பவானி ஜமக்காளம். கண்ணுக்கும் அழகு, காதுக்கும் வேலை செய்யும்.

ஒரே அரங்கில் காலையில் உபன்யாசம், மாலையில் பாட்டு, அடுத்த நாள் நாகஸ்வரம். கோயில் வெளிப் பிராகாரத்துக்கும் வீதிக்கும் பிறந்த வாத்தியத்தை மூடிய அறையில் கேட்கும்போது அறையும் அதற்கேற்ப மாற வேண்டும். பக்கச் சுவரோரம் கனத்த வெல்வெட் திரைகளைத் தண்டவாளத்தில் ஓடவிட்டால், இழுத்து மூடியும் ஒதுக்கியும் அறையை மாற்றிக்கொள்ளலாம். நாகஸ்வரத்துக்கு மைக் தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பரதநாட்டியமும் அதே மேடையில்தான். சிமென்ட் மேல் கிரானைட் ஒட்டிய மேடையில் ஒரு பெண் இரண்டு மணி நேரம் காலைத் தட்டித் தட்டடவு போட்டால் அவள் முட்டி என்ன ஆகும்? மரப்பலகையை அடியில் ரப்பர் கட்டைகளோடு மிதக்கவிட்டுப் போடுங்கள். திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவின் அரங்கைக் கேரளக் கோயில்களின் நாடக அரங்கான கூத்தம்பலத்தைப் பின்பற்றி அமைத்தார்கள். அங்கே உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சி பார்த்துவிட்டு உங்கள் இன்டீரியர் டிசைனரோடு பேசுங்கள். எழும்பூரில் 1896-ல் கட்டிய மியூசியம் தியேட்டரையும் காட்டுங்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கட்டியவர்கள் காதை நம்பித்தான் கட்டியாக வேண்டியிருந்தது.

வெளிச்சம் பற்றியும் ஒன்று. சினிமா தியேட்டர் போல அரங்கை இருட்டாக்கிவிடுகிறார்கள். நம் பாடகருக்கு முன்வரிசை முகங்கள் தெரிய வேண்டும். தொடையில் தாளம் போடுகிற கையும், ஒரு பிரயோகத்துக்கு அசைகிற தலையும் அவரை அடுத்த சங்கதிக்கு இழுத்துப் போகும். குறிப்பேட்டில் ராகம் எழுதிக்கொள்கிறவர்களுக்கும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். பாதி விளக்கு எரியட்டும். படிகளின் ஓரத்தில் பட்டை விளக்கும், கைப்பிடியும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் கட்டாயம் வேண்டும். ரசிகர்களில் பாதிப் பேர் அம்மாவின் வயதுக்காரர்கள்.

கேண்டீனை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சபா என்பதே மனிதர்கள் கூடுகிற இடம். மிருதங்கம் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகிறவர்கள் மேல் எனக்கும் வருத்தம்தான், ஆனால் வருத்தம் கதவின் சத்தத்தைக் குறைக்காது. ஒற்றைக் கதவுக்குப் பதில் இரண்டு கதவும் நடுவில் சிறிய நடையும் வைத்தால், வெளிவெளிச்சமும் பாத்திரச் சத்தமும் உள்ளே வராது. கேண்டீன் பக்கம் சின்ன வட்ட மேஜைகளும் பெஞ்சுகளும் போடுங்கள். பாடிய ராகம் தோடியா தன்யாசியா என்று அரைமணி நேரம் விவாதம் நடப்பது அங்கேதான். முன்பின் தெரியாதவர்கள் அப்படித்தான் நண்பர்களாகிறார்கள்.

கடைசியாக, அம்மாவைப் போன்றவர்களுக்காக ஒரு வேண்டுகோள். தரையைப் போடுவதற்கு முன் இருக்கைகளைச் சுற்றி ஒரு செம்புக் கம்பியை வளையமாகப் புதைத்து, மைக்கின் ஒலியை ஒரு சிறிய பெருக்கி வழியாக அதில் செலுத்தினால், டி என்ற வசதியுள்ள காதுக் கருவிகள் அதை நேராக வாங்கிக்கொள்ளும். நடுவில் அறையின் இரைச்சலே கிடையாது. தரை போட்ட பிறகு செய்வது கஷ்டம். 2017-ல் யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரம் என்று சென்னையை அறிவித்தது. இந்த நகரத்தில் அறுபது வருடம் பாட்டுக் கேட்டவர்கள் காது மங்கியதால் வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

உங்கள் அரங்கில் பழைய அலங்காரத்தைக் கழற்றிப் போட்டதும், புதியது ஏறுவதற்கு முன் ஒரு நாள் சொல்லி அனுப்புங்கள். மைக் இல்லாமல் ஒருவர் பாடட்டும், ஒருவர் மிருதங்கம் வாசிக்கட்டும். டிசைனரும் நீங்களும் இடம் மாறி மாறி உட்கார்ந்து கேளுங்கள். அம்மாவை நான் அழைத்து வருகிறேன். அவர் எப்போதும் ஏழாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில்தான் உட்காருவார்.

அன்புடன்,
உங்கள் சபாக்களின் நெடுநாள் ரசிகன்