மேடைக்குப் பாட்டெழுத நம் ஆட்களைக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் சிங்கப்பூர்ப் பாடகர் டிக் லீ பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். 1998 தேசிய தினத்துக்கு அவர் எழுதிய பாட்டைப் பற்றி நிறையவே இருந்தது. நாடகங்களுக்கு அவர் செய்ததோ இரண்டு வரியில் முடிந்துவிட்டது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு அதுதானே நெருக்கமான பகுதி!

2006-இல் கோலாலம்பூரின் இஸ்தானா புடாயா அரங்கில் மேடையேறிய 'புத்ரி குனோங் லேடாங்' இசை நாடகத்துக்கு இசை அவருடையது. தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டுக் கொசு இதயம் என்று இளவரசி சுல்தானிடம் கேட்கும் கதை இங்கே பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். அந்த மலாய்ப் பழங்கதையை ஒரு சிங்கப்பூர்ச் சீனரை நம்பிக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. 1974-இலேயே முதல் இசைத்தட்டு போட்டவர். 1988-இல் மைக்கேல் சியாங் எழுதிய 'பியூட்டி வேர்ல்ட்' நாடகத்துக்குப் பாட்டு அமைத்தவர். ஜொகூரில் உள்ள பத்து பகாட்டிலிருந்து அப்பாவைத் தேடிச் சிங்கப்பூர் போகும் ஒரு பெண்ணின் கதை அது.

தனிப்பாட்டு எழுதுவது வேறு, மேடைக்கு எழுதுவது வேறு. பாடுகிற பாத்திரம் யார், அதற்கு என்ன வேண்டும், பாட்டு முடிந்ததும் கதை எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகம் நாடகமாகச் செய்து காட்டிய வேலை இது. 'சத்தியவான் சாவித்திரி'யில் எமனோடு வாதாடுவதே பாட்டில்தான் நடக்கும்.

இங்கே சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டுப் பாடும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. அப்புறம் ஏன் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் நான் பார்க்கும் பல தமிழ் நிகழ்ச்சிகளில் சினிமாப் பாட்டு டிராக்கைப் போட்டு ஆட வேண்டியிருக்கிறது? அவர்களைக் கூப்பிட்டு ஒரு கதையைக் கையில் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத நம் தோட்டத் தொழிலாளர்களின் கதை ஒன்று போதாதா?

உங்கள் பத்திரிகையே இதைத் தொடங்கி வைக்கலாம். ஒரு நாடக இயக்குநரையும் ஒரு பாடலாசிரியரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேட்டி எடுங்கள். தமிழ் நாடகம் எது மேடையேறினாலும், பாட்டெழுதியவர் பெயரை விமர்சனத்தில் தவறாமல் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்