பழைய பிக்கப் வாங்குவோர் முதலில் வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்டி வாங்குவோருக்குச் சொல்லப்படும் யோசனைகள் பெரும்பாலும் காரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. பெயின்ட், ஓடிய கிலோமீட்டர், என்ஜின் சத்தம், பேப்பர் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் லோடு அடித்த பிக்கப்புக்கு இது போதாது. என்ஜினை இறக்கி வேலை பார்த்துவிடலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் போனால் வண்டியே போனதுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் நின்று கேபினுக்கும் லோடு பாடிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், பின் அச்சுக்குப் பின்னால் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி சேஸிஸ் வளைந்திருக்கலாம். கேபினைச் சேஸிஸ் மேல் தாங்கும் மவுன்ட் ரப்பர் நைந்திருந்தாலும் இடைவெளி மாறும் என்பதால் அதையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது நல்லது. பிறகு டார்ச்சும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் போக வேண்டும். பின் ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட், அச்சுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், குறுக்குச் சட்டம் சேரும் மூலை ஆகிய இடங்களில்தான் சேறு அடைந்து ஈரம் தங்கும். துரு உள்ளிருந்து தின்னும். நல்ல இரும்பு தட்டினால் கணீரென்று பேசும். மக்கிய இடம் மொத்தென்று சத்தம் கொடுக்கும், செதில் செதிலாகக் கொட்டும். பழைய சேஸிஸில் புதிதாகக் கனமான கறுப்புப் பெயின்ட் தெரிந்தால், அது துருவை மறைக்க அடித்ததாக இருக்கலாம்; விற்பவரிடம் சொல்லிவிட்டு ஸ்குரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள்.

அடுத்தது பட்டை, அதாவது பின் ஸ்பிரிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகள். இரு பக்கமும் எண்ணிக்கை சமமா, கூடுதல் பட்டை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்தால் அச்சு நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். பட்டை வேலை பார்த்தால், அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ-போல்ட்டைப் புதிதாகவே போட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும்.

கூடுதல் பட்டை போடுவதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பல பிக்கப்புகளில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகும். லோடு ஏறி சேஸிஸ் தாழ்ந்தால் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கிடைக்கும். பட்டை கூடினால் சேஸிஸ் அவ்வளவாகத் தாழாது. வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு நடந்துகொள்ளும். முழு லோடில் பெரும்பாலும் முன் பிரேக்கே உழைக்கும், வண்டி நிற்கும் தூரம் நீளும். கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தாலும், கழற்றிக் கட்டி வைத்திருந்தாலும் இதே வகைக் கோளாறுதான். எந்த நிலையில் இறுகியது என்பதைப் பொறுத்து, காலி வண்டியில் பின் சக்கரம் லாக் ஆகி வழுக்கவும் கூடும். பட்டையை மாற்றிய எவரும் இந்தக் கம்பியைத் தயாரிப்பாளர் கையேட்டின்படி சரிசெய்யாமல் சாலைக்கு எடுக்கக் கூடாது.

பின் பிரேக் டிரம்முக்குள் கியர் ஆயில் கசிந்து பிரேக் லைனிங் நனைந்திருந்தால், ஆயிலைத் தடுக்கும் சீலை மாற்றுவதற்கு முன் பின் அச்சு ஹவுசிங் மேலுள்ள பிரீதரை (காற்றுப் போகும் துளையை) சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி புதுச் சீலையும் தள்ளிவிடும். ஆயில் குடித்த லைனிங்கைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

டீசல் என்ஜினைக் குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். சூடான பிறகு ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். லேசான ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் போரோ தேய்ந்திருக்கலாம். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள என்ஜினாக இருந்து, எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து உடனே மாற்றிவிடுங்கள். பெரும்பாலான டீசல் என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் (தரையில் படும் மேடுகள்) நன்றாக இருந்தாலும் வயதான டயர் லோடில் வெடிக்கக்கூடும். காருக்கான டயரைப் போட்டு விற்பதும் உண்டு, டயர் தாங்கும் பாரத்தைக் காட்டும் லோடு இண்டெக்ஸ் எண்ணைப் படித்துப் பாருங்கள். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் செயினில் தொங்குகிறது என்றால், வாங்கும் முன்பே ஒருமுறை கீழே இறக்கச் சொல்லுங்கள். அந்தச் செயின் இறக்கும் பொறி துருவில் இறுகிப்போவது பழைய பிக்கப்புகளில் சகஜம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்