தானியங்கி மின்னஞ்சல்: கட்டுரையில் விடுபட்ட பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தானியங்கி மின்னஞ்சல் விளம்பரம் பற்றித் தங்கள் வணிகப் பகுதியில் வந்த கட்டுரை, மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதையும் முதல் மின்னஞ்சலை எழுதுவதையும் நன்றாகவே விளக்கியது. ஆனால் 'ஒருமுறை அமைத்துவிட்டால் அதுபாட்டுக்கு ஓடும்' என்ற வரியை நம்பி யாராவது அப்படியே விட்டுவிட்டால் வம்புதான். ஓடும் என்பது உண்மை. யாருக்கு எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லி வைக்காவிட்டால் நிற்காமலும் ஓடும்.

ஒரு ஒர்க்ஃப்ளோவுக்கு, அதாவது தானாக ஓடும் மின்னஞ்சல் தொடருக்கு, டிரிக்கர் எனப்படும் தொடக்க நிகழ்வு, காத்திருப்பு, நிபந்தனை, வெளியேறும் விதி என நான்கு உறுப்புகள் உண்டு. கட்டுரை முதல் மூன்றோடு முடிந்துவிட்டது. புகார்கள் கிளம்புவதோ பெரும்பாலும் நான்காவதிலிருந்து.

கார்ட்டில் பொருளைச் சேர்த்துவிட்டு வாங்காமல் போனவருக்கு நினைவூட்டும் தொடரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அமைப்பு இதுதான்: 1 மணி நேரம் கழித்து முதல் மின்னஞ்சல், 24 மணி நேரம் கழித்து இரண்டாவது, அதன்பின் இரண்டு நாளில் தள்ளுபடியுடன் மூன்றாவது. 'வாங்கிவிட்டாரா' என்ற சோதனையைத் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் மின்னஞ்சலைப் பார்த்து அன்றைக்கே பணம் கட்டியவருக்கும் மூன்றாவது போகும். முழு விலை கொடுத்து வாங்கிய அதே பொருளுக்குத் தள்ளுபடி அறிவித்தால் அவர் சும்மா இருப்பாரா? வித்தியாசத் தொகையைக் கேட்டு எழுதுவார். அந்தச் சோதனை ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் நேர் முன்னால் இருக்க வேண்டும். அல்லது, மென்பொருளில் வசதி இருந்தால், 'ஆர்டர் பதிவானது' என்பதையே தொடர் முழுவதற்கும் வெளியேறும் விதியாக வைத்துவிடலாம். பின்னதே மேல், இடையில் புதிய மின்னஞ்சலைச் செருகும்போது சோதனையை மறந்துவிடும் ஆபத்து அதில் இல்லை.

இப்படி வைத்தும் தவறுவது உண்டு. அப்போது தரவு வந்து சேரும் வேகத்தைப் பாருங்கள். கடை மென்பொருள் ஆர்டர் விவரங்களை மணிக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புகிறது என்று வையுங்கள். ஒருவர் 9.50-க்குக் கார்ட்டில் சேர்த்து 10.05-க்குப் பணம் கட்டுகிறார். அந்த ஆர்டர் மின்னஞ்சல் மென்பொருளுக்கு 11 மணிக்குத்தான் தெரியவரும். 10.50-க்கே 'மறந்துவிட்டீர்களா?' என்று அவருக்குப் போய்விடும். ஆர்டர் பதிவான கணமே தகவல் தரும் வெப்ஹூக்தான் இதற்கு முழுத் தீர்வு. அது கிடைக்காவிட்டால் முதல் காத்திருப்பை 3 மணி நேரமாக்கினால், கையோடு பணம் கட்டுபவர்களாவது தப்புவார்கள். கார்ட்டை ஒரு முகவரியில் விட்டுவிட்டு, கணக்கில் நுழையாமல் வேறொரு முகவரியில் வாங்குபவரை எந்த விதியாலும் பிடிக்க முடியாது. அதனால் முதல் மின்னஞ்சலின் தொனியைக் குற்றம் சாட்டாததாக வையுங்கள்.

மறுநுழைவையும் கட்டுப்படுத்த வேண்டும். ஒருவர் இந்தத் தொடருக்குள் 30 நாளில் ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்று வைக்கலாம். இல்லையென்றால் மூன்றாவதில் தள்ளுபடி வரும் என்று கண்டுகொண்டவர்கள் வேண்டுமென்றே கார்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

வரவேற்புத் தொடரில் வேறொரு பொறி. டிரிக்கரை 'பட்டியலில் இருப்பவர்' என்று வைப்பதற்கும் 'இனி பட்டியலில் சேருபவர்' என்று வைப்பதற்கும் உள்ள வேறுபாடு, இயக்கும் பொத்தானை அழுத்திய பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. முதலாவதை வைத்தால் பழைய வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் 'நல்வரவு' போய்ச் சேரும். முகவரிப் பட்டியல் உள்ள சி.எஸ்.வி. கோப்பை இறக்குமதி செய்யும்போதும் இதே கதை. இறக்குமதியாகும் முகவரிகளுக்கு ஒரு டேக் (அடையாளக் குறி) போட்டு, அந்த டேக் உள்ளவர்களைத் தொடருக்குள் விடாதபடி செய்துவிட்டுத்தான் கோப்பை ஏற்ற வேண்டும்.

கட்டுரை பரிந்துரைத்த 'திறக்காதவருக்கு மட்டும் மீண்டும் அனுப்பு' என்ற கிளை இன்று நம்பத்தக்கதல்ல. 2021-இல் ஐ.ஓ.எஸ். 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த மின்னஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களின் ஆப்பிள் மெயில் செயலி, மின்னஞ்சலை அவர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, படங்களை முன்கூட்டியே தரவிறக்கிவிடும். திறப்பைக் கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத படமும் அதில் அடக்கம். எனவே படிக்காதவர் படித்ததாகப் பதிவாகிறார். படங்களை முடக்கி வைத்திருப்பவர் முழுக்கப் படித்திருந்தாலும் திறக்காதவர் ஆகிவிடுகிறார். கிளிக்கும் முழுச் சான்று அல்ல. நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் இணைப்புகளைத் தாமாகவே திறந்து சோதிக்கின்றன. அனுப்பிய சில நொடிகளுக்குள் எல்லா இணைப்பும் கிளிக் ஆகியிருந்தால் அது மனிதர் வேலையல்ல. கிளை பிரிக்க வாங்குதல், படிவம் நிரப்புதல், பதில் எழுதுதல் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) அமைப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வியப்பு. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 5,000-க்கு மேல் அனுப்பினால் எஸ்.பி.எஃப். (டொமைனின் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பதிவு), டி.கே.ஐ.எம். (மின்னஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தவறும் மின்னஞ்சலை என்ன செய்வது என்ற கொள்கை) மூன்றும் கட்டாயம். டிமார்க் கொள்கையை முதலில் 'none' (எந்த நடவடிக்கையும் வேண்டாம்) என்று வைத்தாலே போதும். ஸ்பேம் என்று குறிப்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அதிகம் பேர் தடுக்கி விழுவது எஸ்.பி.எஃப்.பில். புதிய மென்பொருளை இணைக்கும்போது, இருக்கும் பதிவில் சேர்க்காமல் இரண்டாவது பதிவைப் போட்டுவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். பதிவுதான், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அந்த ஒரு பதிவுக்குள்ளும் டி.என்.எஸ். (டொமைன் விவரங்களைத் தரும் பதிவேடு) தேடல்கள் 10-ஐத் தாண்டக்கூடாது.

அதே விதிகள் விளம்பர மின்னஞ்சல்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியையும், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்குவதையும் கேட்கின்றன. பெரும்பாலான மென்பொருள்கள் இதைத் தாமே செய்துவிடும். ஆனால் ஒருவர் விலகும்போது வேறு மூன்று தொடர்களில் காத்திருப்பில் இருக்கலாம். அந்த ஒரு தொடரிலிருந்து மட்டும் அவரை எடுத்தால், நாலாவது நாள் இன்னொன்று போகும், அவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். விலகல் எல்லா விளம்பரத் தொடர்களுக்கும் பொருந்த வேண்டும். ரசீதும் கடவுச்சொல் மாற்றும் மின்னஞ்சலும் ஸ்பேம் புகார்களின் பாதிப்பில் சிக்காமலிருக்க அவற்றைத் தனித் துணை டொமைனிலிருந்து அனுப்புவது நல்லது.

சோதனைக்கு நான்கு முகவரிகளாவது தேவை: நடுவில் வாங்குபவர், நடுவில் விலகுபவர், பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர், ஏற்கெனவே வேறொரு தொடரில் இருப்பவர். ஜிமெயிலில் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியும் எண்ணும் சேர்த்தால் ஒரே பெட்டிக்கு எத்தனை முகவரிகள் வேண்டுமானாலும் கிடைக்கும். மூன்றாமவருக்கு 'அன்புள்ள' என்பதற்குப் பிறகு வெறும் காற்புள்ளி வந்தால் மாற்றுச் சொல் வைக்கவில்லை என்று பொருள். காத்திருப்பு நேரங்களை 5 நிமிடமாகச் சுருக்கித்தான் சோதிப்பார்கள், அதில் தவறில்லை. சோதனை முடிந்ததும் அவற்றைப் பழைய அளவுக்கு மாற்றிவிட்டு, இன்னொருவரை ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு இயக்குங்கள். மூன்று நாளில் போக வேண்டிய மூன்றும் கால் மணி நேரத்தில் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இப்படிக்கு,
மின்னஞ்சல் அமைப்புப் பணியில் உள்ள வாசகர்