மங்கிய கோட்டுக்கு 10,540 ரூபாய்

மதிப்பிற்குரிய தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து உங்கள் குளிரூட்டும் நிலையத்துக்குப் பால் ஊற்றும் 23 வீடுகளில் ஒரு வீட்டுக்காரி எழுதுகிறேன். மார்கழிக் கடைசியில் என் பாலில் ஆன்டிபயாடிக் மருந்து இருப்பதாகச் சொல்லிப் பணம் பிடித்தீர்கள். அது உங்கள் கோப்பில் இருக்கும். கோப்பில் ஏறாததை மட்டும் சொல்கிறேன்.

அன்று காலை ஏழரை மணி. எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாத பனி. கரண்ட் இல்லை. பரிசோதனைக்கு வந்த தம்பி ஐஸ் பெட்டியிலிருந்து, பாலில் மருந்து இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டை டப்பாவை எடுத்தார். அதன் மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. சூடேற்றும் கருவி வேலை செய்யாததால் டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, விரலை விட்டுப் பார்த்து, "போதும்" என்று அதில் பால் குப்பியை நிறுத்தினார். பட்டையை உள்ளே விட்டதும் போன் வந்தது. பேசிக்கொண்டே ரோடு வரைக்கும் போனார். திரும்பி வந்து செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அக்கா, கோடு மங்கலா இருக்குது. பாசிட்டிவ்."

அவ்வளவுதான். முந்தின நாள் ஜீப்பில் இறங்கிய 310 லிட்டரும் கெட்டுப்போனதற்குக் காரணம் என் பால் என்று எழுதியாகிவிட்டது. லிட்டருக்கு 34 ரூபாய் வீதம் 10,540 ரூபாய் பிடித்தம், 15 நாள் கொள்முதல் நிறுத்தம். என் வீட்டில் ஒரு நாளைக்கு 26 லிட்டர் வரும். பத்து நாள் பட்டுவாடா 8,840 ரூபாய். ஒரு முழு பட்டுவாடா போயும் கடன் தீரவில்லை. நீங்கள் நிறுத்தினால் மாடு கறப்பதை நிறுத்துமா? டீக்கடைக்காரர்கூட வேண்டாம் என்றுவிட்டார். இன்றைக்கும் என் பாலுக்கு ஊரில் பெயர் 'மருந்துப் பால்'.

உங்கள் ஆள் 23 மாதிரி பாட்டில்களில் ஏன் என்னுடையதை மட்டும் திறந்தார் தெரியுமா, ஐயா? பட்டை விலை அதிகமாம். அதனால், மாடுகளுக்குப் போட்ட மருந்தை நாங்கள் எழுதி வைக்கும் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். என் செவலைப் பசுவுக்கு மடிவீக்கம், டாக்டர் மூன்று நாள் ஊசி போட்டார் என்று என் கையால் எழுதியிருந்தேன். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் இரண்டு நாள் சேர்த்தே அதன் பாலைத் தனியாகக் கறந்து காப்பிச் செடி தூரில் கொட்டினேன். அதையும் எழுதியிருந்தேன். எழுதாத 22 பேரின் பாட்டில் மூடியைக்கூட யாரும் தொடவில்லை.

உங்கள் தம்பி கீழே போட்டுவிட்டுப் போன விளக்கத் தாளை எடுத்து வைத்தேன். சேலத்தில் மைக்ரோபயாலஜி படிக்கும் என் மகள் வாசித்துச் சொன்னாள். இந்தப் பட்டையில் இரண்டு கோடுகள். பாலில் மருந்து இல்லையென்றால் சோதனைக் கோடு நன்றாக நிறம் பிடிக்கும், இருந்தால் மங்கும். பக்கத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு எப்படியிருந்தாலும் எழும்ப வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் மங்கலா இல்லையா என்று சொல்ல முடியும். குப்பி 40 டிகிரியில் இருக்க வேண்டும், சொன்ன நிமிடத்தில் படிக்க வேண்டும், பட்டையில் ஈரம் ஏறக் கூடாது. மார்கழியில் எங்கள் மலையில் தீப்பெட்டியே நமத்துப்போகும். மூடி திறந்த டப்பாவில் பட்டை மட்டும் காய்ந்தே இருக்குமா? அன்று நான் எடுத்த படத்தில் கட்டுப்பாட்டுக் கோடும் மங்கித்தான் கிடக்கிறது. பட்டை செத்திருந்தாலும் கோடு மங்கும், பாலில் மருந்து இருந்தாலும் மங்கும். இந்த இரண்டில் எது என்று பார்க்க, சுத்தம் என்று தெரிந்த பாலில் முதலில் ஒரு பட்டையை விட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அளந்து சொல்லுங்கள். என்ன மருந்து, எத்தனை மைக்ரோகிராம்?

இது வீம்புக் கேள்வி இல்லை. பென்சிலினுக்குச் சர்வதேச வரம்பு கிலோ பாலுக்கு 4 மைக்ரோகிராம். ஒரு கிராம் பென்சிலினை எடுத்து, பத்தாயிரம் லிட்டர் டேங்கர் 25-ல் பங்கிட்டால் வருகிற அளவு அது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற இன்னொரு மருந்துக்கு வரம்பு 100 மைக்ரோகிராம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு வரம்பு போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் பட்டை ஒரு மருந்துக் குடும்பத்தை மொத்தமாகத்தான் மோப்பம் பிடிக்கும். எந்த மருந்து என்று அதற்குத் தெரியாது. சில மருந்துகளுக்கு வரம்புக்கு வெகு கீழே இருந்தாலே மங்கிவிடும். அந்தக் குடும்பத்தைச் சேராத மருந்து எவ்வளவு இருந்தாலும் கண்டுகொள்ளாது. பென்சிலின் பட்டையில், வேறு குடும்பத்து மருந்தான என்ரோஃப்ளாக்சசின் ஊசி போட்ட மாட்டின் பால் பளிச்சென்று பாஸாகிவிடும். சந்தேகத்தைக் கிளப்பப் பட்டை போதும். தண்டனை கொடுக்க எல்.சி-எம்.எஸ் கருவியில் மருந்தைப் பிரித்து, அளந்து பார்த்த தாள் வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு எடுத்து வைத்த பாலில் உறை ஊற்றினேன். தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைந்தது. மருந்துப் பாலில் தயிர் உறையாது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் உறையை முறிக்கப் போதாத சிறு அளவும் வரம்பைத் தாண்டியதாக இருக்கலாம் என்று மகள் சொன்னாள். அதனால் அந்தத் தயிரை நான் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. என் தயிரை நானே நம்பாதபோது உங்கள் சொம்பு வெந்நீரை நான் எப்படி நம்புவது?

2006-ம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 47-ம் பிரிவு இருக்கிறது. அதிகாரி கடையில் மாதிரி எடுத்தால் அதை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். முடிவு தவறு என்று பட்டால் கடைக்காரர் மேல்முறையீடு செய்யலாம். மளிகைக் கடை உப்புக்கும் புளிக்கும் இருக்கிற அந்த இரண்டாவது வாய்ப்பு, மலை மேல் பால் கறக்கிறவளுக்கு இல்லை. ஒரே பாட்டில், அதுவும் சோதனை முடிந்த கையோடு சாக்கடையில்.

இன்னொன்றும் நெஞ்சில் இருக்கிறது. 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்துப் பார்த்தார்களே, அதில் மருந்து வரம்பைத் தாண்டியது 77. பூஞ்சை விஷமான அஃப்ளாடாக்சின் தாண்டியது 368, அதில் 88 தமிழ்நாட்டு மாதிரி. அந்த விஷம் பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து வருகிறது. தீவன மூட்டைக்குப் பட்டை விட்டுப் பார்க்க யாராவது மலையேறி வந்ததுண்டா? பிண்ணாக்கு மூட்டை பாவம், நோட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே மடிக்குள் ஏற்றும் மருந்து டியூப் விற்கிறார்கள், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. தலைவாசலில் அவ்வளவு பெரிய கால்நடைப் பூங்காவை 2021-ல் திறந்தார்கள். இங்கே எங்களுக்கு ஒரு தெர்மாமீட்டர் வரவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பாலில் மருந்து இருக்கக் கூடாது என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அந்தப் பாலைக் குடிக்கிற குழந்தைகளில் என் பேரனும் ஒருவன்.

தயவுசெய்து இவ்வளவு மட்டும் செய்து கொடுங்கள். பட்டையில் சந்தேகம் வந்தால் சரியான சூட்டில், புதுப் பட்டையில், சுத்தமான பாலோடு சேர்த்து இன்னொரு முறை பாருங்கள். அதிலும் வந்தால் மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரை வைத்து, உறைய வைத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆய்வகத் தாள் வரும் வரை பிடித்தம் வேண்டாம். சோதிப்பதென்றால் 23 பாட்டிலையும் சோதியுங்கள். அளந்து, என்ன மருந்து எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் 10,540 ரூபாயை நானே நேரில் வந்து கட்டுகிறேன். பிடித்ததை அதுவரை என் கணக்கில் திருப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் எங்கள் தெருவில் மூன்று வீட்டு மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். நேற்று நோட்டைப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே ஒரு வரிகூட ஏறவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கொள்முதல் பட்டியலில் 17-ம் எண்