ஊருக்கு கார்ட்லெஸ் போன் கொண்டுவரும் அமெரிக்க உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது அம்மா அப்பாவுக்கென்று பெட்டியில் ஒரு கார்ட்லெஸ் போன் செட் வைக்கிறீர்கள். கூடத்தில் ஒரு ஹேண்ட்செட், மாடியில் ஒன்று, படுக்கையருகே ஒன்று. முட்டி வலியோடு எழுந்து ஓடிவந்து போனை எடுக்க வேண்டாமே என்ற அக்கறை. அந்த அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். அட்டைப்பெட்டியின் மேல் ‘டெக்ட் 6.0’ என்று அச்சிட்டிருந்தால், அந்தப் போனைத் தயவுசெய்து ஊருக்குக் கொண்டுவராதீர்கள்.

டெக்ட் என்பது கார்ட்லெஸ் போன்களுக்கான ஒரு தொழில்நுட்பம். அந்த 6.0 வியாபாரத்துக்காக வைத்த பெயர். போன் உண்மையில் வேலை செய்வது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். அமெரிக்காவில் இந்தப் பகுதியை உரிமம் வாங்காமலே வீட்டுக் கருவிகளுக்குப் பயன்படுத்தலாம். இந்தியாவில் 1920 முதல் 1980 வரை செல்போன் சேவைக்கு ஒதுக்கியது. 2010இல் 3ஜிக்காக ஏலம் போனதும் இதன் ஒரு பகுதிதான். இன்று பல இடங்களில் இதே அலைவரிசையில் 4ஜி ஓடுகிறது. நம் கையிலிருக்கும் செல்போன் கோபுரத்துக்குச் சேதி அனுப்பும் வழி இது. கோபுரத்திலிருந்து நமக்கு வரும் வழி 2110 முதல் 2170 வரை, தனியாக இருக்கிறது. இந்த இரண்டு வழிக் கணக்கைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலே இங்கேதான்.

கார்ட்லெஸ் போனின் பேஸ், அதாவது தொலைபேசி இணைப்பில் செருகி வைக்கும் பெட்டி, பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை. யாரும் பேசாத நேரத்திலும், தான் இருப்பதை ஹேண்ட்செட்டுகளுக்குத் தெரிவிக்க இடைவிடாமல் துடிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். சக்தி குறைவுதான், வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகும், அவ்வளவே. ஆனால் கோபுரத்தின் ரிசீவர் எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், நாலு சுவருக்குள், யாருடைய சட்டைப்பையிலோ இருக்கும் செல்போனின் மெல்லிய அலைக்காக. பக்கத்து மாடியில் உங்கள் பேஸ் அதே அலைவரிசையில் ஒலித்துக்கொண்டிருந்தால், நாதஸ்வரக்காரருக்கு அருகில் நின்றுகொண்டு மண்டப வாசலில் பேசுபவரின் குரலைக் கேட்க முயல்வது மாதிரி ஆகிவிடுகிறது அதன் நிலை.

தெருவில் என்ன நடக்கும்? செல்போனில் சிக்னல் கட்டங்கள் நிறைந்தே தெரியும். கோபுரத்திலிருந்து வரும் வழியில் எந்த இடைஞ்சலும் இல்லையே! ஆனால் அழைப்பு போகாது. போனாலும் பாதியில் அறுந்துவிடும், அல்லது நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. மக்கள் செல்போன் நிறுவனத்தைத் திட்டுவார்கள், சிம்மை மாற்றுவார்கள், புதுப் போன்கூட வாங்குவார்கள். காரணம் இரண்டு வீடு தள்ளி, ஷோகேஸ் மேல், பூ வேலைப்பாடு செய்த துணிமேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டி என்று ஒருவருக்கும் தோன்றாது. திசை காட்டும் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தால்தான் எந்த வீடு என்று தெரியும். அதற்குள், கோபுரத்தின் எல்லையோரத்தில் இருக்கும் யாரோ ஒருவர் 108ஐ அழைத்துப் பார்த்திருக்கலாம். எனக்குக் கவலை அவரைப் பற்றித்தான்.

“எஃப்.சி.சி. விதிப்படி சோதித்த பொருள் என்று அடியிலேயே எழுதியிருக்கிறதே” என்று சிலர் கேட்கிறார்கள். எஃப்.சி.சி. என்பது அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். எழுதியிருப்பது உண்மை. அந்த விதிகளின் பதினைந்தாம் பிரிவின்படி அந்தக் கருவிக்கு இரண்டு நிபந்தனைகள்: பிறருக்குத் தீங்கான இடையூறு செய்யக் கூடாது, தனக்கு வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சான்று அமெரிக்க அலைவரிசைப் பங்கீட்டை வைத்துக் கொடுத்தது. விமானம் சென்னையில் இறங்கியதும் அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. ஆனால் முதல் நிபந்தனையின் நியாயம் எங்கும் ஒன்றுதானே? அங்கே அதை மதிக்கும் நீங்கள் இங்கேயும் மதிப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

இந்தியாவில் அலை பரப்பும் கருவி எதுவானாலும், உரிமத்திலிருந்து விலக்குப் பெற்ற அலைவரிசையில் வேலை செய்ய வேண்டும். இல்லையேல் உரிமம் வேண்டும். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி அத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்குத்தான் 2023இன் தொலைத்தொடர்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கருவி யார் வீட்டில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய பெற்றோரை அந்த நிலையில் நிறுத்தலாமா?

டெக்ட் நமக்கு அந்நியமான தொழில்நுட்பமும் அல்ல. 1990களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு அதை அடிப்படையாக வைத்து ‘கார்டெக்ட்’ முறையை உருவாக்கியது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இணையம் போனது அதன் வழியாகத்தான். அதன் அலைவரிசை 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ். இன்று இந்தியச் சந்தைக்கென்று செய்யும் டெக்ட் போன்களும் அங்கேதான் இயங்குகின்றன, செல்போனுக்கு இடையூறு இல்லாமல். ஆகவே போன் வேண்டுமென்றால் பணத்தை அனுப்பி ஊர்க் கடையிலேயே வாங்கச் சொல்லுங்கள். கெட்டுப்போனால் பில்லோடு போய்க் கேட்கவும் முடியும். அமெரிக்காவிலிருந்து வரும் அடாப்டர்களில் பல 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். கம்பியோடு கூடிய சாதாரணப் போனில் இந்த அலைப் பிரச்சினையே இல்லை.

யாழ்ப்பாணத்துக்கோ பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களும் கவனியுங்கள். அங்கேயும் 1920க்கு மேல் உள்ள பகுதி செல்போனுக்குரியது.

ஏற்கெனவே கொண்டுவந்து வைத்தாயிற்று என்றால், இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது பேஸைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். டெக்ட் 6.0 என்றோ எஃப்.சி.சி. எண்ணோ அடியில் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி, மாடலை நீங்களே இணையத்தில் சரிபாருங்கள். 1920 முதல் 1930 வரை என்று வந்தால், ஹேண்ட்செட்டைக் கீழே வைத்துவிடுவது போதாது. பேஸின் அடாப்டரையே பிளக்கிலிருந்து கழற்ற வேண்டும், ஹேண்ட்செட்டின் பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும். வீணாகிறதே என்று எதிர்வீட்டுக்கோ வேலைக்கு வரும் அக்காவுக்கோ கொடுத்துவிடச் சொல்லாதீர்கள், அதே இடையூறுதான் இடம் மாறும். அடுத்த முறை வரும்போது திரும்ப எடுத்துப் போங்கள், அல்லது மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தொலைபேசி ஊழியர் ஒருவர்